நானிக்குச் சம்பளம்: கையில் கொடுப்பதா, கணக்கில் கொடுப்பதா?

கேள்வி இதுதான். நியூ ஜெர்சி எடிசனில் வீடு, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, எட்டு மாதப் பெண் குழந்தை. அதே அபார்ட்மெண்ட் வளாகத்தில் இருக்கும் 54 வயது அக்கா ஒருவர், மகன் மூலமாகக் கிரீன் கார்டில் வந்தவர், வாரம் 45 மணி நேரம் நானியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மணிக்கு 22 டாலர் பேச்சு. "வரி கிரியெல்லாம் வேண்டாம்மா, கையில கொடுத்துடுங்க" என்கிறார் அக்கா. "1099 கொடுத்துட்டா முடிஞ்சது" என்கிறார் ஆபீஸ் நண்பர் (1099 என்பது ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் படிவம்). எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்காதீர்கள். அந்த அக்கா உங்கள் ஊழியர், நீங்கள் அவருக்கு முதலாளி. ஆண்டு முடிவில் அவருக்கு டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று கொடுக்க வேண்டும், உங்கள் ஆண்டு வரித் தாக்கலான 1040 உடன் ஷெட்யூல் எச் என்ற வீட்டு ஊழியர் வரிப் படிவத்தைச் சேர்க்க வேண்டும். நான் இங்கே சம்பளக் கணக்கு பார்க்கும் வேலையில் இருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளும் நானியிடம் வளர்ந்தவர்கள்தான், அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

1099 விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எத்தனை மணிக்கு வர வேண்டும், குழந்தைக்கு என்ன ஊட்ட வேண்டும், எப்போது தூங்க வைக்க வேண்டும் என்று சொல்வது நீங்கள். வேலை நடப்பது உங்கள் வீட்டில், உங்கள் சாமான்களை வைத்து. இப்படி வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களிடம் இருந்தால் அவர் ஊழியர், ஒப்பந்தக்காரர் அல்ல. ஐஆர்எஸ் (கூட்டாட்சி வரித் துறை) பார்க்கும் அளவுகோல் அதுதான். ஒப்பந்தக்காரர் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டாலும் அது செல்லாது.

எங்கள் முதல் குழந்தையின்போது நாங்களே இந்தத் தப்பைச் செய்தோம். அப்போது எங்களுக்கு வரி தாக்கல் செய்து கொடுத்தவர் 1099 போதும் என்றார், நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். வாரம் 600 டாலர், ஆண்டுக்கு 31,200. அடுத்த ஏப்ரலில் அந்த அக்கா கையில் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். சொந்தத் தொழில் செய்பவர் கட்ட வேண்டிய வரி என்று 4,400 டாலருக்கு மேல் போட்டிருந்தது, வருமான வரி அதற்கு மேல் தனி. நாங்கள் கட்டியிருக்க வேண்டிய பாதியும் அவர் தலையில் விழுந்திருந்தது. எங்கள் தாக்கலை 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி, ஷெட்யூல் எச் சேர்த்து, அவருக்கு டபிள்யூ-2 கொடுத்துச் சரிசெய்தோம். பணத்தைவிட, அவர் வாசலில் நின்று "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா" என்று கேட்டதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

சரி, இனி "கையில கொடுத்துடுங்க" என்பதற்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் அக்காவிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்வது தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியாமல்தான்.

அமெரிக்காவில் 65 வயதில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும் பகுதி ஏ இலவசமாகக் கிடைக்க வேண்டுமென்றால் அவருக்கோ கணவருக்கோ 40 கிரெடிட் (வரி கட்டிய சம்பளத்துக்குச் சேரும் புள்ளி) இருக்க வேண்டும் என்பது, பிள்ளைகள் மூலமாக இங்கே வந்த பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது. ஓர் ஆண்டில் அதிகபட்சம் நான்கு கிரெடிட்தான் சேரும், ஆக பத்து ஆண்டு. 2025-இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,810 டாலர் சம்பளம் கணக்கில் வர வேண்டும், நான்குக்கு 7,240. நீங்கள் கொடுக்கப்போகும் சம்பளத்தில் அது இரண்டே மாதத்தில் சேர்ந்துவிடும். 30 கிரெடிட் கூட இல்லாதவர் அந்தப் பகுதி ஏ-வை விலை கொடுத்து வாங்கினால் 2025-இல் மாதம் 518 டாலர், 30 முதல் 39 வரை இருந்தால் 285. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும் அதே 40 வேண்டும். ஊரில் இருபது வருஷம் வேலை பார்த்து பிஎஃப் கட்டியிருந்தாலும் இங்கே உதவாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அந்த ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் இல்லை.

உங்கள் அக்காவுக்கு 54 வயது. இன்று தொடங்கினால் 64-இல் நாற்பதும் சேரும். மூன்று வருஷம் கையில் வாங்கிவிட்டு அப்புறம் தொடங்கினால் 67 ஆகிவிடும்.

எங்கள் இரண்டாவது நானிக்கு முதல் பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, சமையலறை மேஜையில் வைத்துத்தான் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, சோஷியல் செக்யூரிட்டி என்ற வரியில் நிறுத்தி, "இது யாருக்குப் போகுது?" என்றார். "உங்க பேர்லதான் சேருது, நாங்களும் அதே அளவு போடுறோம்" என்றேன். அந்த வார இறுதியில் சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தோம். மறு ஆண்டு அங்கே அவருடைய சம்பளம் பதிவானபோது அதைப் போனில் படம் எடுத்துத் தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினார். அதற்கப்புறம் கையில் கொடுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

இனி கணக்கு. 2025-இல் ஒரு வீட்டு ஊழியருக்கு ஆண்டுக்கு 2,800 டாலர் அல்லது அதற்கு மேல் பணமாகக் கொடுத்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கட்டியாக வேண்டும் (2026-க்கு அந்த வரம்பு 3,000). சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி, 1.45 சதவீதம் மெடிகேர், மொத்தம் 7.65. இது அவரிடம் பிடிப்பது. அதே 7.65 உங்கள் பையிலிருந்து.

ஆனால் சம்பளத்தையே முதலில் சரியாகப் போட வேண்டும், நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வாரம் 45 மணி என்றால் 45-ஐ 22-ஆல் பெருக்கி 990 என்று போடக்கூடாது. வீட்டு ஊழியர்களும் 1974 முதல் கூட்டாட்சிக் கூலிச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்து போகும் நானிக்கு வாரத்தில் 40 மணிக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு. ஆக 40 மணிக்கு 880, மீதி ஐந்து மணிக்கு 33 வீதம் 165, மொத்தம் 1,045 டாலர். "வாரத்துக்கு மொத்தமா ஆயிரம்" என்று பேசி முடிப்பது வேண்டவே வேண்டாம், அது எத்தனை மணிக்கான பணம் என்று பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது. மணிக்கு இவ்வளவு, ஓவர்டைமுக்கு இவ்வளவு என்று எழுதி, வந்த நேரம் போன நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அக்காவுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. 2025 முதல் 2028 வரை ஓவர்டைமில் அந்த அரை மடங்கு பகுதியை, இங்கே வாரத்துக்கு 55 டாலர், அவர் தன் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

1,045-இல் அவரிடம் பிடிப்பது 64.79-உம் 15.15-உம் சேர்த்து 79.94. நியூ ஜெர்சி அதற்கு மேல் வேலையின்மை, தற்காலிக இயலாமை, குடும்ப விடுப்புக் காப்பீடு என்று சின்னச் சின்னப் பிடித்தங்கள் வைத்திருக்கிறது. வேலையில் இல்லாத நேரத்தில் அவர் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் இருக்க நேர்ந்தால் மாநிலத்திலிருந்து பணம் வருவது அந்தக் கணக்கிலிருந்துதான். வருமான வரியைப் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அவர் கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டால் பிடிக்கலாம். பிடிக்கச் சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன், இல்லையென்றால் ஏப்ரலில் ஒரேயடியாகக் கட்டச் சிரமப்படுவார். எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று காட்டும் டபிள்யூ-4 படிவத்தை அவர் நிரப்பிக் கொடுத்தால் போதும்.

உங்கள் பங்கும் வாரத்துக்கு 79.94, ஆண்டுக்கு ஏறக்குறைய 4,157 டாலர். கூட்டாட்சி வேலையின்மை வரி என்று ஒன்று உண்டு. எந்தக் காலாண்டிலாவது 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் சம்பளம் கொடுத்தால் முதல் 7,000 டாலருக்கு 6 சதவீதம், மாநில வரியைக் காலத்தில் கட்டிவிட்டால் பொதுவாக அது 0.6 ஆகக் குறைந்து ஆண்டுக்கு 42 டாலரில் நிற்கும். மாநிலத்தின் வேலையின்மை வரி வீதம் பதிவு செய்ததும் உங்களுக்குக் கடிதத்தில் வரும். நியூ ஜெர்சியில் வீட்டு முதலாளிகளுக்கு இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒரே முறை, என்ஜே-927-எச் என்ற படிவத்தில் ஜனவரி 31-க்குள் கொடுத்தால் போதும்.

பேசும்போது ஒரு வார்த்தையில் கவனமாக இருங்கள். "வாரம் கையில எண்ணூறு வரணும்" என்று ஒரு நானி கேட்டு நீங்கள் சரி என்றால், பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் குறைந்தது 866.27 ஆகிவிடும், வருமான வரி பிடித்தால் அதற்கும் மேல். எப்போதும் பிடித்தத்துக்கு முந்தைய தொகையில்தான் பேச்சு, கைக்கு எவ்வளவு வரும் என்பதை அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆண்டுக்கு நாலாயிரம் டாலர் கூடுதல் செலவா என்று மலைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்களில் ஒருவர் ஆபீஸில் குழந்தைப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் டிபெண்டண்ட் கேர் எஃப்எஸ்ஏ திட்டம் இருக்கலாம். குடும்பத்துக்கு 2025 வரை 5,000, 2026 முதல் 7,500 டாலர் வரை வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து ஒதுக்கலாம். நீங்கள் 24 சதவீத அடுக்கில் இருந்தால் 5,000-க்கு வருமான வரியில் 1,200, சோஷியல் செக்யூரிட்டி மெடிகேரில் 382 மிச்சம். இந்தப் பணத்தை எடுக்கவும், குழந்தைப் பராமரிப்புச் சலுகைக்கான படிவம் 2441 போடவும் நானியின் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். கையில் கொடுத்தால் அந்த எண்ணை எழுதவே முடியாது. நீங்கள் கட்டும் முதலாளிப் பங்கு வரியையும் பராமரிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கட்டுவது எப்படி? மாதா மாதம் எங்கும் போய்க் கட்ட வேண்டாம். கூட்டாட்சி வரி முழுவதும் ஷெட்யூல் எச் வழியாக உங்கள் சொந்த வரியோடு சேர்ந்துவிடும். ஆனால் ஏப்ரல் வரை காத்திருந்தால் முன்கூட்டிக் கட்டவில்லை என்று அபராதம் வரலாம். காலாண்டுக்கு ஒருமுறை 1040-ஈஎஸ் என்ற படிவத்தில் முன்கூட்டியே கட்டலாம். அதைவிடச் சுலபம், உங்கள் ஆபீஸில் கொடுத்த டபிள்யூ-4-இல் 4(சி) வரியில் கூடுதல் பிடித்தம் எழுதிவிடுவது. இந்தச் சம்பளத்துக்கு இரு தரப்புப் பங்கும் 42 டாலரும் சேர்ந்து ஆண்டுக்கு 8,356 ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர் என்றால் ஒவ்வொரு முறையும் 325 டாலர் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் முடிந்தது. அக்காவிடம் வருமான வரி பிடித்தால் அதையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அவரிடம் பிடித்த பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தான் கிடக்கும், அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

எல்லாமே கையில் கொடுக்கும்போது எப்படி வெளியே தெரியும் என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் யாரும் காட்டிக்கொடுத்து அல்ல. குழந்தை ப்ரீஸ்கூல் போகும், நானியை நிறுத்துவீர்கள், அவர் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிப்பார். கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் பெயரைத்தான் எழுதுவார், வேறு யாரை எழுதுவார்? மாநிலத்தில் தேடினால் சம்பளப் பதிவே இருக்காது, கடிதம் உங்களுக்கு வரும். 1993-இல் பில் கிளின்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழிந்த ஸோயி பேர்டு விலக நேர்ந்ததே, வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்து அவர்களுக்கான வரியையும் கட்டாமல் விட்டதால்தான். அதுவரை காலாண்டுக்கு 50 டாலர் கொடுத்தாலே இந்த வரி என்று சட்டம் இருந்தது. 1994-இல் அதை ஆண்டுக்கு 1,000 என்று உயர்த்தி, சொந்த வரித் தாக்கலோடு சேர்த்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் போடும் ஷெட்யூல் எச் அப்படி வந்ததுதான்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னும் சில. சைடில் எல்எல்சி என்ற சிறு நிறுவனம் வைத்திருப்பவர்கள் நானியை அதன் சம்பளப் பட்டியலில் சேர்த்துச் செலவு காட்டக்கூடாது, அவர் உங்கள் தொழிலுக்கு வேலை செய்யவில்லை. தீபாவளிக்குக் கவரில் வைத்துக் கொடுக்கும் பணமும் சம்பளம்தான், அதற்கும் பிடித்தம் உண்டு. புடவை எடுத்துக் கொடுத்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் கணக்கில் வராது. உங்கள் வீட்டில் அவர் சாப்பிடும் மதியச் சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் கழிக்காதீர்கள். அவர் காரில் குழந்தையைக் கூட்டிப் போனால் மைலுக்கு 70 சென்ட் (2025) வீதம் தனியாகக் கொடுக்கலாம், அதற்கு வரி இல்லை. ஸெல் (Zelle) என்ற பணப் பரிமாற்ற ஆப்பில் அனுப்பினாலும் செக் கொடுத்தாலும் ஒன்றுதான், பதிவு இருந்தால் போதும்.

சொந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சம்பளம் கொடுத்தால், விவாகரத்து போன்ற சில சூழ்நிலைகள் தவிர, சோஷியல் செக்யூரிட்டி வரி இல்லை. ஆனால் விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெரியவர்களையோ, ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லாமல் எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கும் பெண்களையோ சம்பளத்துக்கு வைக்கவே கூடாது. நமக்கு உதவி செய்யப் போய் அவர்களுடைய விசாவுக்கும் பிற்காலக் கிரீன் கார்டுக்கும் அது சிக்கலாகும். நம்பி வந்தவர்களை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

ஒப்பந்தம் எழுதுங்கள். நியூ ஜெர்சியில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு ஊழியர் உரிமைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. நிறுத்துவதானால் இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், வீட்டிலேயே தங்குபவர் என்றால் நான்கு வாரம். மருத்துவ விடுப்பு 30 மணி வேலைக்கு ஒரு மணி வீதம் ஆண்டுக்கு 40 மணி வரை சேரும். டிசம்பரில் நீங்கள் நான்கு வாரம் ஊருக்குப் போனால் அக்காவுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் இதில் எழுதிவிடுங்கள். கொடுங்கள் என்பதே என் கருத்து, அவர் வீட்டு வாடகை அந்த மாதமும் வரும். தமிழிலும் ஒரு பிரதி எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குக்கர் ஆவி பட்டுக் கை வெந்தால்கூட மருத்துவச் செலவுக்கு ஊழியர் விபத்துக் காப்பீடு வேண்டும், அது இந்த மாநிலத்தில் கட்டாயம். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, முழுநேர நானி வருகிறார், எதைச் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே ஓரிரு ஆண்டுகள் கையில் கொடுத்துவிட்டு இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். எங்களைப் போலவே 1040-எக்ஸ் உடன் ஷெட்யூல் எச் சேர்த்துப் பழைய ஆண்டுகளைச் சரிசெய்யலாம். வட்டியும் அபராதமும் கொஞ்சம் வரும். கடிதம் வருவதற்கு முன் நீங்களாகப் போவது நல்லது. அப்போது அவரிடம் பிடிக்காமல் விட்ட பங்கைத் திருப்பிக் கேட்காதீர்கள், நீங்களே கட்டிவிடுங்கள்.

உங்கள் அக்கா வரும் திங்கட்கிழமை தொடங்குகிறார் என்றால், இந்த வாரமே ஐஆர்எஸ் தளத்தில் முதலாளிக்கான ஈஐஎன் எண் எடுத்துவிடுங்கள், இலவசம், உடனே கிடைக்கும். மாநிலத்திலும் பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை, வேலை செய்யும் அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தில் அவர் பகுதியை அவர் நிரப்பட்டும். அவர் காட்டும் ஆவணத்தை (கிரீன் கார்டு என்றால் அது ஒன்றே போதும்) நேரில் பார்த்து உங்கள் பகுதியை வியாழனுக்குள் முடியுங்கள். டபிள்யூ-4 வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஊழியர் சேர்ந்ததை 20 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவியுங்கள். ஜனவரி 31-க்குள் டபிள்யூ-2, சோஷியல் செக்யூரிட்டி தளத்திலேயே இலவசமாகத் தயாரித்து அனுப்பலாம். முதல் வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது பே ஸ்டப்பைக் கையில் கொடுத்துவிட்டு உடனே கிளம்ப விடாதீர்கள். ஒரு டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியும் என்னவென்று சொல்லுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.